சுருங்கிய தைமஸும் குளிர்ந்த கூண்டும்

மருத்துவ வரலாற்றில் சில தவறுகள் அறியாமையால் நேர்ந்தவை. வேறு சில, கையிலிருந்த அளவுகோலே கோணலாக இருந்ததால் நேர்ந்தவை. இந்த இரண்டாவது வகையைக் கண்டுபிடிப்பது மிகவும் கடினம். அளப்பவர் நேர்மையாக, கவனமாகவே அளக்கிறார், கணக்கிலும் பிழையில்லை, ஆனாலும் முடிவு முற்றிலும் தவறாகிவிடுகிறது. மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸ் என்ற சிறிய உறுப்பின் கதை அப்படிப்பட்டது.

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் உடற்கூற்றியல் வேகமாக வளர்ந்தபோது அறுத்துப் பார்க்கப் பிணங்கள் தேவைப்பட்டன. பிரிட்டனில் 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியல் சட்டம், உரிமை கோர யாருமற்ற உடல்களை மருத்துவக் கல்லூரிகளுக்கு அளிக்க வகை செய்தது. உரிமை கோரப்படாத உடல்கள் யாருடையவை? ஏழை விடுதிகளிலும் தரும ஆஸ்பத்திரிகளிலும் நாள்பட்ட நோயோடும் அரைவயிற்றுக் கஞ்சியோடும் கிடந்து இறந்தவர்களுடையவை. அந்த உடல்களை அறுத்து, நிறுத்து, அளந்துதான் ஒவ்வோர் உறுப்புக்கும் ‘இயல்பான’ அளவு எது என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்டது. தைமஸுக்கும் அப்படித்தான்.

நேற்றுவரை கொழுகொழுவென்று விளையாடிக்கொண்டிருந்த கைக்குழந்தை ஒன்று தூக்கத்தில் இறந்துபோகும்போது என்ன ஆகும்? மருத்துவர்கள் அவ்வுடலை அறுத்துப் பார்த்தார்கள். தாங்கள் அறிந்த அளவைவிடத் தைமஸ் பெரிதாக இருந்தது. வீங்கிய தைமஸே மூச்சுக்குழாயை நெரித்துக் குழந்தையைக் கொன்றது என்ற எண்ணம் பிறந்தது. ஜெர்மானிய மருத்துவர் கோப் 1830ல் இதற்குத் தைமஸ் ஆஸ்துமா என்று பெயரிட்டார். 1889ல் வியன்னாவைச் சேர்ந்த பால்டாஃப், இது உடலமைப்பிலேயே உள்ள ஒரு குறை என்று சொல்லி, நீளமான லத்தீன் பெயர் ஒன்றை வழங்கினார். பெயர் வந்துவிட்டால் நோய் உண்மையாகிவிடுகிறது. நோய் உண்மையானால் சிகிச்சையும் வந்தாக வேண்டும். 1907ல் அமெரிக்காவில், குழந்தையின் மார்பின்மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சித் தைமஸைச் சுருக்கும் முறை தொடங்கியது. அடுத்த சில பத்தாண்டுகளில் எந்த நோயும் இல்லாத ஆயிரக்கணக்கான குழந்தைகளுக்கு இந்தக் கதிர்வீச்சு அளிக்கப்பட்டது. அப்படியொரு நோய் இருப்பதற்குச் சான்றில்லை என்று 1931ல் பிரிட்டிஷ் ஆய்வுக்குழு ஒன்று அறிவித்த பின்னும் அமெரிக்காவில் பழக்கம் உடனே நிற்கவில்லை. 1950ல்தான், தைராய்டுப் புற்றுநோய் கண்ட சிறுவர்கள் பலர் கைக்குழந்தைப் பருவத்தில் தைமஸ் கதிர்வீச்சு பெற்றவர்கள் என்ற செய்தி வெளிவந்தது. தைமஸுக்கு நேர் மேலே கழுத்தில் இருப்பது தைராய்டு.

திடீரென்று இறந்த அந்தக் குழந்தைகளின் தைமஸ்தான் இயல்பானது. பாடப்புத்தகத்தில் ஏறியிருந்தது ஏழையின் சுருங்கிய தைமஸ். வறுமையும் நீண்ட நோயும் ஓர் உறுப்பையே கரைத்துவிடக்கூடும் என்பது அன்று பெரும்பாலோருக்குத் தோன்றவில்லை.

இந்தப் பழங்கதையை இங்கே எடுத்ததற்குக் காரணம் உண்டு. இதே வகையான தவறு நம் காலத்திலும் நடந்திருக்கிறது. ரத்த ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை என்ற, மருத்துவத்தின் மிகத் துணிச்சலான முயற்சிகளில் ஒன்றை ஆராய்ந்த சோதனைக்கூடங்களில் அது நடந்தது. இம்முறை அளவுகோலாக இருந்தவை குளிரில் நடுங்கிய சுண்டெலிகள்.

*

தைமஸ் ஏன் சுருங்குகிறது என்ற கேள்விக்கு விடை 1936ல் மாண்ட்ரியல் நகரின் மெக்கில் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. வியன்னாவில் பிறந்தவரான ஹான்ஸ் செல்யே அப்போது முப்பது வயதை எட்டாத ஆய்வாளர். புதிய பாலின ஹார்மோன் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார். சினைப்பைச் சாற்றை எலிகளுக்கு ஊசிவழி செலுத்தியபோது மூன்று மாறுதல்களைக் கண்டார். சிறுநீரகத்தின்மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் பருத்தன; தைமஸும் நிணநீர் முடிச்சுகளும் சுருங்கின; இரைப்பையில் புண்கள் தோன்றின. புதிய ஹார்மோன் அகப்பட்டுவிட்டது என்று அவர் மகிழ்ந்தார். ஆனால் சாறு அசுத்தமாக இருந்தால் விளைவு அதிகமாகவும், சுத்திகரிக்கச் சுத்திகரிக்கக் குறைவாகவும் இருந்தது. ஐயம் தட்டவே, பிணங்களைப் பதப்படுத்தப் பயன்படும் ஃபார்மலினைச் செலுத்திப் பார்த்தார். அதே மூன்று மாறுதல்கள்! அறுவைக் காயம், அளவு மீறிய ஓட்டம், நஞ்சு, குளிர் என்று எதைக் கொடுத்தாலும் எலியின் உடல் அதே மூன்று சொற்களில்தான் பதில் சொன்னது. அவ்வாண்டு ஜூலையில் ‘நேச்சர்’ இதழில் ஒரு பக்கத்தைத் தாண்டாத கடிதமாக இது வெளியானது. அவருடைய பட்டியலில் இருந்த ‘குளிர்’ என்ற சொல்லை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

இந்நிலைக்குச் செல்யே பின்னர் பரப்பிய பெயர் ‘ஸ்ட்ரெஸ்’. பொறியியலில், ஒரு பொருளின்மீது செலுத்தப்படும் அழுத்தத்தைக் குறித்த சொல் அது. தமிழில் இதை ‘மன அழுத்தம்’ என்றே எழுதிப் பழகிவிட்டோம். ஆனால் செல்யே மனத்தைப் பற்றிப் பேசவில்லை. உடல் தன் சமநிலையைக் காக்கப் போராடும் எல்லா நேரங்களையும் அவர் குறிப்பிட்டார்; அவற்றுள் அச்சமும் கவலையும் ஒரு பகுதி. எனவே இக்கட்டுரையில் வெறுமனே ‘அழுத்தம்’ என்றே சொல்லிச் செல்கிறேன்.

அட்ரினலை முன்பே நீக்கிவிட்டால் அழுத்தம் தைமஸைச் சுருக்குவதில்லை என்பதையும் செல்யே காட்டினார். ஆகவே செய்தி அந்தச் சுரப்பியிலிருந்துதான் செல்கிறது. அச்செய்தி எது என்பதை அமெரிக்காவில் எட்வர்ட் கெண்டலும் ஸ்விட்சர்லாந்தில் ததேயுஸ் ரைக்ஸ்டைனும் தனித்தனியே பிரித்தெடுத்தார்கள். 1948 செப்டம்பரில் மேயோ மருத்துவமனையில் ஃபிலிப் ஹென்ச், மூட்டுவாதத்தால் முடங்கிக் கிடந்த ஒரு பெண்ணுக்குக் கார்ட்டிசோனைச் செலுத்தினார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950ல் மூவருக்கும் நோபல் பரிசு. அழுத்தத்தின் ஹார்மோன் மருந்துச் சீசாவுக்குள் வந்தது அப்படித்தான். எதிர்ப்பாற்றல் செல்களை அடக்குவதே அதன் வலிமை. வளர்ந்துகொண்டிருக்கும் தைமஸ் செல்களுக்கோ அது மரண ஆணை. அவை கூட்டம் கூட்டமாகத் தம்மைத்தாமே அழித்துக்கொள்கின்றன.

தைமஸின் வேலை என்ன என்பதே 1961 வரை தெரியாது. லண்டனில் ஜாக் மில்லர், பிறந்த உடனே சுண்டெலிக் குஞ்சுகளின் தைமஸை நீக்கிப் பார்த்தார். வளர்ந்தபின் அவற்றால் அந்நியத் தோலொட்டைக்கூட நிராகரிக்க முடியவில்லை. எது நான், எது பிற என்று பிரித்தறியும் டி செல்கள் பாடம் கற்கும் பள்ளிக்கூடம் அது. ஐம்பதாண்டுகளாகக் கதிர்வீச்சால் எரித்துக்கொண்டிருந்தது இந்தப் பள்ளிக்கூடத்தைத்தான்.

*

இனி இன்னொரு வரலாற்றுக்கு வருவோம். 1945ல் ஹிரோஷிமாவிலும் நாகசாகியிலும் குண்டுவீச்சை உடனடியாகத் தப்பியவர்களில் பலர், வாரக்கணக்கில் கழித்து ரத்தக்கசிவாலும் தொற்றாலும் இறந்தார்கள். அவர்களுடைய எலும்பு மஜ்ஜை அழிந்திருந்தது. அணுயுகத்தின் அச்சம் மஜ்ஜை ஆராய்ச்சிக்குப் பணத்தைக் கொட்டியது. 1949ல் சிகாகோவில் லியோன் ஜேகப்சன், சுண்டெலியின் மண்ணீரலை மட்டும் ஈயத்தால் மறைத்துவிட்டுக் கதிர்வீச்சுக்கு உள்ளாக்கினால் அது பிழைத்துக்கொள்வதைக் கண்டார். 1951ல் ஈகன் லோரன்ஸ், வேறொரு விலங்கின் மஜ்ஜையைச் செலுத்தினாலும் அதே பலன் கிடைப்பதைக் காட்டினார்.

காப்பாற்றுவது எது? மஜ்ஜையிலிருந்து கசியும் ஹார்மோன் போன்ற ஏதோவொரு சாறா, அல்லது குடியேறி வளரும் செல்களா? சில ஆண்டுகள் சாற்றின் பக்கமே ஆதரவு அதிகமாக இருந்தது. 1956ல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில், அடையாளக் குறியுள்ள குரோமசோம்களைக் கொண்டு, பிழைத்த எலியின் மஜ்ஜை முழுவதும் கொடையாளியின் செல்களே என்று நிறுவினார்கள். விவாதம் முடிந்தது. அந்த வெற்றி நியாயமானதுதான். எனினும் அதற்குப் பின் ஒரு தலைமுறை முழுவதும் இத்துறையில் பேச்செல்லாம் செல்லைப் பற்றியதாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

அதே ஹார்வெல்லில், அதே 1956ல், பார்ன்ஸும் லூட்டிட்டும் ரத்தப் புற்றுநோய் கண்ட சுண்டெலிகளுக்குக் கதிர்வீச்சு அளித்து, வேறு இனச் சுண்டெலியின் மஜ்ஜையைச் செலுத்தினார்கள். புற்றுநோய் திரும்பவில்லை. ஆனால் எலிகள் இளைத்து, முடி கொட்டி, வயிற்றுப்போக்கால் இறந்தன. வந்து குடியேறிய எதிர்ப்பாற்றல் செல்கள் குடியேறிய வீட்டையே அந்நியமென்று கருதித் தாக்கின. மருத்துவமனைகளில் ஜி.வி.ஹெச்.டி. என்ற சுருக்கப் பெயரால் இன்று அறியப்படும் நோய் இதுவே. ஒட்டு, தன்னை ஏற்ற உடலைத் தாக்கும் நோய் என்று பொருள். 1966ல் ரூபர்ட் பில்லிங்காம் இதற்கான மூன்று நிபந்தனைகளை வகுத்தார்: ஒட்டில் எதிர்ப்பாற்றல் செல்கள் இருக்க வேண்டும், ஏற்றவரின் உடலில் அச்செல்களுக்கு அந்நியமானது ஏதேனும் இருக்க வேண்டும், அவற்றைத் திருப்பித் தாக்கும் வலு ஏற்றவருக்கு இல்லாதிருக்க வேண்டும்.

மனிதர்களிடம் இம்முயற்சியை விடாப்பிடியாக நடத்தியவர் டானல் தாமஸ். 1957ல் அவர் எழுதிய முதல் அறிக்கையில் இருந்த நோயாளிகள் ஒருவரும் 100 நாட்களைத் தாண்டவில்லை. 1960களில் பலர் இத்துறையைக் கைவிட்டு வெளியேறினார்கள். தாமஸின் குழு சியாட்டிலில் தொடர்ந்து உழைத்தது. திசுப் பொருத்தம் பார்க்கும் முறை வந்தது. எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள் வந்தன. 1977ல், இனி வழியில்லை என்ற நிலையிலிருந்த 100 ரத்தப் புற்றுநோயாளிகளுக்குச் செய்த சிகிச்சையை அவர்கள் விவரித்தபோது 13 பேர் உயிரோடு இருந்தார்கள். இன்று சிறியதாகத் தோன்றும் அந்த எண் அன்று ஒரு புதிய கதவு. 1990ல் தாமஸுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இதற்கிடையே ஒரு விசித்திரம் தெளிவாகியிருந்தது. 1979ல் சியாட்டில் குழு, ஜி.வி.ஹெச்.டி. வந்தவர்களுக்குப் புற்றுநோய் திரும்புவது குறைவு என்று காட்டியது. 1990ல் 2254 நோயாளிகளின் பதிவுகளை அலசிய ஆய்வு அதை உறுதி செய்தது. தோலையும் குடலையும் ஈரலையும் தாக்கும் அதே படைதான் எஞ்சிய புற்றுச் செல்லையும் வேட்டையாடுகிறது. படையை அடக்கினால் நோய் திரும்பும். அவிழ்த்துவிட்டால் வீடு எரியும். இச்சிகிச்சையின் வரலாறு முழுவதும் இந்தக் கயிற்றின்மேல் நடக்கும் வரலாறுதான்.

ஜி.வி.ஹெச்.டி. வந்தால் முதலில் கொடுக்கப்படும் மருந்து எது? கார்ட்டிசோனின் வழித்தோன்றல்களான ஸ்டீராய்டுகள். செல்யேயின் எலிகளில் தைமஸைக் கரைத்த அதே ஹார்மோன் குடும்பம். வெளியிலிருந்து அதை மில்லிகிராம் கணக்கில் அளந்து கொடுத்த மருத்துவர்களுக்கு, படுக்கையில் கிடப்பவரின் உடலே இரவும் பகலும் தனக்குத்தானே கொடுத்துக்கொள்ளும் அளவைக் கணக்கில் எடுக்கத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அந்த நோயாளியைவிட அதிக அழுத்தத்தில் இருப்பவரை எங்கே தேடுவது? புற்றுநோய், கடும் மருந்துகள், கதிர்வீச்சு, தனியறை, தொற்றுப் பயம், வாரக்கணக்கான காத்திருப்பு. புதிய எதிர்ப்பாற்றல் ஒன்று முளைவிடுவது இத்தனையும் சூழ்ந்த மண்ணில்தான்.

*

அழுத்தத்துக்கு இரண்டு தூதர்கள். ஒன்று, மேலே சொன்ன கார்ட்டிசால் குடும்பம். அது மெதுவாக, ரத்தத்தின் வழியே செல்லும். மற்றொன்று அட்ரினலினும் அதன் உடன்பிறப்பான நார்அட்ரினலினும். இவை நொடியில் பாய்பவை. ஆபத்தைக் கண்டால் போரிடவோ ஓடவோ உடல் ஆயத்தமாவதை ஹார்வர்டின் வால்ட்டர் கேனன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே விவரித்தார். பரிவு நரம்புகளின் முனையிலிருந்து சுரப்பது நார்அட்ரினலின் என்று 1946ல் ஸ்வீடனின் உல்ஃப் வான் ஆய்லர் கண்டறிந்தார். இவற்றை வாங்கிக்கொள்ளும் ஏற்பிகள் ஆல்ஃபா, பீட்டா என இருவகை என்று 1948ல் ரேமண்ட் ஆல்க்விஸ்ட் கூறினார். அதை நம்பி, பீட்டா ஏற்பியை அடைக்கும் ப்ரொப்ரனலால் என்ற மருந்தை 1960களில் ஜேம்ஸ் பிளாக் உருவாக்கினார். இதய நோயாளிகளுக்கான மலிவான மாத்திரையாக அது உலகெங்கும் பரவியது.

இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் உரியவை என்று கருதப்பட்ட இந்த ஏற்பிகள் எதிர்ப்பாற்றல் செல்களின்மேலும் இருக்கின்றன என்பது மெல்லத் தெரியவந்தது. மண்ணீரலில் நரம்பிழைகள் வெள்ளையணுக்களை உரசிக்கொண்டு முடிவதை 1980களில் டேவிட் ஃபெல்டன் நுண்ணோக்கியில் கண்டார். மூளைக்கும் எதிர்ப்பாற்றலுக்கும் பேச்சே கிடையாது என்ற பழைய பாடத்துக்கு அது இடித்தது. 2006ல் நியூயார்க்கில் பால் ஃப்ரெனெட்டின் குழு, மஜ்ஜையிலிருந்து ஸ்டெம் செல்கள் ரத்தத்துக்கு வெளியேறுவதையே பரிவு நரம்புகள் கட்டுப்படுத்துகின்றன என்று காட்டியது. 2013ல் அதே குழு இன்னொன்றையும் சொன்னது: புற்றுநோய் மருந்துகள் சில, மஜ்ஜைக்குள் இருக்கும் இந்த நரம்புகளையும் காயப்படுத்துகின்றன, அதனால் மஜ்ஜை மீண்டு எழுவது தடைப்படுகிறது. நரம்பு தரும் செய்தி வயலுக்குப் பாயும் வாய்க்கால் நீரைப் போன்றது என்று தெரிந்தது. வெள்ளமானாலும் கெடுதி, அடியோடு வற்றினாலும் கெடுதி.

*

குளிர்ந்த கூண்டுக்கு வருகிறேன்.

உலகெங்கும் சோதனைச் சுண்டெலிகள் சுமார் 22 டிகிரி செல்சியஸில் வளர்க்கப்படுகின்றன. வெள்ளை அங்கி அணிந்து வேலை செய்யும் மனிதர்களுக்கு வசதியான வெப்பநிலை அது. சுண்டெலிக்கோ, தன் சூட்டைக் காக்கத் தனியே பாடுபட வேண்டாத வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரி. ஆகவே 22 டிகிரியில் வாழும் எலி வாழ்நாள் முழுவதும் மெலிதான குளிரோடு போராடிக்கொண்டே இருக்கிறது. அதற்காக அதன் நரம்புகள் நார்அட்ரினலினை ஓயாமல் சுரந்துகொண்டிருக்கின்றன.

அமெரிக்காவின் பஃபலோ நகரில் உள்ள ராஸ்வெல் பார்க் புற்றுநோய் மையத்தில் எலிசபெத் ரிபாஸ்கியின் குழு இதைக் கையிலெடுத்தது. 30 டிகிரிக்கு மாற்றிய எலிகளில் புற்றுக்கட்டிகள் மெதுவாக வளர்ந்தன. கட்டியைத் தாக்கும் டி செல்கள் வலுவடைந்தன. இந்த முடிவுகள் 2013ல் வெளியாயின. கதகதப்பு நல்லது, அழுத்தம் கெட்டது என்று எளிதாக முடித்துவிடத் தோன்றும்.

2015ல், அதே மையத்தைச் சேர்ந்த சூஃபாங் காவோவும் ரிபாஸ்கியும் சேர்ந்து, மஜ்ஜை மாற்று செய்த எலிகளை இரு வெப்பநிலைகளிலும் வைத்துப் பார்த்தார்கள். இம்முறை விளைவு தலைகீழ். கதகதப்பில் இருந்த எலிகளுக்கு ஜி.வி.ஹெச்.டி. கடுமையாக வந்தது, குளிரில் இருந்தவற்றுக்குத் தணிந்தே வந்தது. குளிர்ந்த எலிகளுக்குப் பீட்டா ஏற்பியை அடைக்கும் மருந்தைக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு மறைந்தது. கதகதப்பான எலிகளில் பீட்டா-2 ஏற்பியை மருந்தால் தூண்டினால் பாதுகாப்பு வந்தது. 2020ல் வெளியான தொடர் ஆய்வு, கொடையாளியின் டி செல்களில் உள்ள பீட்டா-2 ஏற்பியே இங்கே கடிவாளம் என்று காட்டியது. அந்த ஏற்பி இல்லாத டி செல்கள் நோயை மோசமாக்கின. ஆஸ்துமாவுக்குப் பயன்படும் பாம்புட்டெரால் என்ற மருந்தைக் கொடுத்தபோது நோய் தணிந்தது. புற்றுச் செல்களைத் தாக்கும் திறனோ அழியாமல் நின்றது. எலிகளில் கண்டது இது என்பதை மறந்துவிடக் கூடாது. ஆனால் கயிற்றின்மேல் நடப்பவருக்கு ஒரு புதிய கோல் கிடைக்கக்கூடும் என்ற நம்பிக்கையை இது தருகிறது.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது வேறொன்று. அரை நூற்றாண்டுக்கும் மேலாக, மஜ்ஜை மாற்றின் அறிவில் பெரும்பகுதி சுண்டெலிகளிடமிருந்து வந்தது. எந்த அளவு மருந்து வேலை செய்யும், எத்தனை செல்கள் நோயைக் கொண்டுவரும் என்ற கணக்குகளுக்கெல்லாம் அடியில், எழுதப்படாத ஒரு மருந்தாக அந்த எலியின் நார்அட்ரினலின் கலந்திருந்தது. செல்யே 1936லேயே தன் பட்டியலில் குளிரைச் சேர்த்திருந்தார். எல்லோரும் அதைப் படித்திருந்தார்கள். ஆனால் தாங்கள் வேலை செய்யும் அறை குளிராக இருக்கிறது என்று எவருக்கும் உறைக்கவில்லை. ஏனென்றால் அவர்களுக்கு அது குளிராக இல்லை. ஏழையின் பிணத்தை அளந்தவருக்கு அதில் பட்டினி தெரியாமல் போனதும் இதே காரணத்தால்தான்.

*

மனிதர்களிடம் வருவோம். கலிஃபோர்னியாவின் ஸ்டீவ் கோல், தனிமை, வறுமை, நீண்ட துயரம் போன்றவற்றில் வாழ்பவர்களின் வெள்ளையணுக்களில் மரபணுக்கள் ஒரே பாங்கில் மாறுவதை 2007 முதல் விவரித்து வந்திருக்கிறார். அழற்சியைத் தூண்டும் மரபணுக்கள் உயர்கின்றன. வைரஸை எதிர்க்கும் மரபணுக்கள் தாழ்கின்றன. இதற்கு ஒரு காரணம் மஜ்ஜையிலேயே இருக்கிறது என்பதை 2013ல் வெளியான ஆய்வு காட்டியது. கூண்டில் தன்னைவிட வலிய எலியிடம் திரும்பத் திரும்பத் தோற்கும் எலியின் மஜ்ஜை, முதிராத, அழற்சியை மூட்டும் செல்களை அதிகமாகப் படைக்கிறது. ப்ரொப்ரனலால் கொடுத்தால் அது அடங்குகிறது.

விஸ்கான்சினைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஜெனிஃபர் நைட், கோலுடன் சேர்ந்து இந்தக் கேள்வியை மஜ்ஜை மாற்று வார்டுக்குக் கொண்டுவந்தார். உறவினரல்லாத கொடையாளியிடமிருந்து ஸ்டெம் செல் பெற்ற 78 ரத்தப் புற்றுநோயாளிகளின், சிகிச்சைக்கு முன் எடுத்துச் சேமித்த ரத்தத்தை ஆராய்ந்தார்கள். பொருளாதாரத்தில் தாழ்ந்தவர்களிடம் மேற்சொன்ன மரபணுப் பாங்கு ஓங்கியிருந்தது. அந்தப் பாங்கு ஓங்கியவர்களிடம் நோய் திரும்புவதும் அதிகமாக இருந்தது. இது 2016ல் வெளியானது. அடுத்து, தங்கள் சொந்த ஸ்டெம் செல்களைத் திரும்பப் பெறும் மைலோமா நோயாளிகள் 25 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குச் சிகிச்சைக் காலத்தில் ப்ரொப்ரனலால் கொடுத்தார்கள். மருந்து பெற்றவர்களிடம் அந்த மரபணுப் பாங்கு தணிந்தது. 2020ல் வெளியான இந்தச் சிறு ஆய்வு ரத்தத்தில் உள்ள அடையாளங்களைத்தான் அளந்தது. ஆயுள் நீண்டதா என்பதை அளக்க அது வடிவமைக்கப்படவில்லை.

வாசகர் இங்கே குழம்பலாம். எலியில், பீட்டா ஏற்பியைத் தூண்டினால் நல்லது என்றோம். மனிதரில், அதே ஏற்பியை அடைக்கும் மருந்தைச் சோதித்தார்கள் என்கிறோம். எது சரி?

முரண்பாடு தோற்றத்தில்தான். மைலோமா நோயாளி பெறுவது தன் சொந்தச் செல்களை. அங்கே அந்நியப் படை இல்லை, ஜி.வி.ஹெச்.டி.க்கு இடமில்லை, அடக்க வேண்டியது அழற்சியை மட்டும். பிறரிடமிருந்து பெறுபவருக்கோ அந்நியப் படையின் சீற்றமே முதல் ஆபத்து. அங்கே அதே ஹார்மோன் கடிவாளமாகிறது. யாருடைய செல், எந்த வாரம், எந்த ஏற்பி, எவ்வளவு நாள் என்பதைப் பொறுத்து ஒரே செய்தி மருந்தாகவும் நஞ்சாகவும் ஆகிறது. அழுத்தம் எதிர்ப்பாற்றலைக் குலைக்கும் என்ற ஒற்றை வரி வாரப் பத்திரிகைக்குப் போதும், நோயாளிக்குப் போதாது. ரத்த அழுத்தத்துக்காக ஏற்கெனவே பீட்டா அடைப்பான் உட்கொள்பவரும், ஆஸ்துமாவுக்காகப் பீட்டா-2 தூண்டியை உறிஞ்சுபவரும் இதே வார்டில் பக்கத்துப் பக்கத்துப் படுக்கைகளில் கிடக்கிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால் கேள்வியின் கனம் புரியும்.

2016ல் பாஸ்டனில் 160 நோயாளிகளிடம் நடந்த சோதனை ஒன்றையும் குறிப்பிட வேண்டும். மாற்று சிகிச்சைக்காக மருத்துவமனையில் இருந்த வாரங்களில், வலியையும் குமட்டலையும் அச்சத்தையும் கவனிப்பதற்கென்றே தனி மருத்துவக் குழுவொன்று பாதிப்பேரை அடிக்கடி சென்று பார்த்தது. அவர்களுடைய வாழ்க்கைத் தரம் மற்றவர்களுடையதைவிடக் குறைவாகவே சரிந்தது, பதற்றமும் தணிந்தது. அந்தச் சோதனை எதிர்ப்பாற்றலைக் காட்டுவதற்காக நடந்ததல்ல. ஆனாலும் இந்த வரலாற்றைப் படித்தபின், படுக்கையருகே வந்து அமர்ந்து பேசும் அந்த அரைமணி நேரத்தை வெறும் ஆறுதல் என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை.

சிகிச்சை முடிந்து வீடு திரும்புபவரின் உடலில் டி செல்கள் மறுபடி பாடம் கற்க வேண்டும். அதற்கு அந்தப் பழைய பள்ளிக்கூடம், தைமஸ், மீள வேண்டும். வயது அதைச் சுருக்கியிருக்கிறது, கதிர்வீச்சும் மருந்துகளும் சிதைத்திருக்கின்றன, ஜி.வி.ஹெச்.டி.யும் அதற்கான ஸ்டீராய்டும் மேலும் வாட்டுகின்றன. மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் ஆகின்றன. அந்நாட்களில் அவர் எப்படிப்பட்ட வீட்டில் இருக்கிறார், வாடகைக்கும் மருந்துக்கும் என்ன செய்கிறார், இரவில் தூங்குகிறாரா என்பவை மருத்துவக் குறிப்பேட்டின் ஓரத்தில்கூட எழுதப்படுவதில்லை. 19ஆம் நூற்றாண்டின் அறுவை மேசையில் கிடந்த உடலைப் பற்றியும் யாரும் அவற்றை எழுதிவைக்கவில்லை. எழுதி வைத்திருந்தால், அந்தத் தைமஸ் ஏன் அவ்வளவு சிறியதாக இருந்தது என்று யாரேனும் கேட்டிருக்கக்கூடும்.